அப்பாவின் பீடி, அம்மாவின் போயிலை

எங்கள் வீட்டுச் சுவரில் வந்த ஒரு மஞ்சள் கறையைப் பற்றி எழுதப் போகிறேன். "எழுத வேற விஷயமே கிடைக்கலையாடா" என்று என் வகுப்பு நண்பர்கள் கேட்பது இங்கேயே காதில் விழுகிறது. கிடைக்கலைதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நடுவில் உங்களையும் இழுப்பேன்.

ஊர் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். கெங்குவார்பட்டி. தேனி மாவட்டம், பெரியகுளம் தாலுகா. வத்தலக்குண்டில் இருந்து பெரியகுளம் பஸ்ஸில் வந்தால் கொடைக்கானல் மலை வலது பக்கம் கூடவே வரும். காட்ரோட்டில் டூரிஸ்ட் வண்டிகள் எல்லாம் மலைக்குத் திரும்பிவிடும். நாங்கள் மலையடிவாரத்திலேயே இருந்துகொள்வோம். மஞ்சளாறு அணை பக்கம்தான். மாந்தோப்பும் தென்னந்தோப்பும் நிறைய. அப்பா மாந்தோப்பு குத்தகைக்கு எடுப்பவர். எங்களுடையது பழைய ஓட்டு வீடு. இரண்டு அறை, ஒரு அடுப்படி, ஒரு திண்ணை.

போன தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு டிஸ்டெம்பர் அடித்தோம். இளம்பச்சை நிறம். அம்மா தேர்ந்தெடுத்தது. அடித்து முடித்த அன்று வீடே புதுசாகத் தெரிந்தது. அப்பாவின் கட்டிலுக்கு மேலே இருந்த சுவர் மட்டும் பதினைந்து நாளில் பழைய நிறத்துக்குத் திரும்ப ஆரம்பித்தது. முதலில் டீ சிந்தியது போல ஒரு திட்டு. பிறகு இரண்டு. மாசிப் பிறப்புக்குள் ஒரு பெரிய மஞ்சள் மேகமே வந்துவிட்டது! மழை ஒழுகுகிறதோ என்று அப்பா ஓட்டின் மேல் ஏறிப் பார்த்தார். ஓடு நன்றாகத்தான் இருந்தது. பெயிண்டர் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் விரலால் சுவரைத் தேய்த்தார், முகர்ந்து பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"அண்ணே, இது ஒழுகல் இல்ல. பீடிக் கறை. கழுவாம மேல அடிச்சா அது ஏறித்தான் வரும். நீங்க எத்தன கோட்டு அடிச்சாலும் வரும்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா சொன்னார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல, அந்தப் பீடிய விட்டுத் தொலைங்கன்னு." உடனே அப்பா, "நீ மட்டும் என்னவாம்? வாசல் ஓரத்துல செவத்தப் பாரு" என்றார். பார்த்தோம். வாசல் நிலைக்கு வலப்புறம், இடுப்பு உயரத்தில், சிவப்புத் தெறிப்புகள். அம்மா உட்கார்ந்து வெற்றிலை போடும் இடம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளு போயிலை.

இந்தச் சண்டை எங்கள் வீட்டில் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நடக்கிறது. பெயிண்டருக்கு முன்னால் நடந்தது மட்டும் அதுதான் முதல் தடவை.

விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில் "கணவனும் மனைவியும் சேர்ந்து சிகரெட்டை விட்டோம், வீட்டைப் புதுப்பித்தோம்" என்று எழுதுகிறார்கள். அங்கே இருவரும் பால்கனியில் நின்று ஒரே பாக்கெட்டில் இருந்து எடுத்துப் புகைப்பவர்கள். நம் ஊரில் அப்படிப்பட்ட ஜோடியைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். அதனால் நம் ஊரில் இது ஆம்பளைப் பிரச்சினை என்று முடிவு கட்டிவிட்டோம். என் கருத்து வேறு. நம் வீடுகளிலும் ஜோடியாகத்தான் புகையிலை இருக்கிறது. ஒருவர் கொளுத்துகிறார், இன்னொருவர் மெல்லுகிறார். ஒருவர் விடுவதை மற்றவர்தான் கெடுக்கிறார், தெரியாமலே.

எண்களைப் பாருங்கள். 2016-17இல் இந்தியா முழுக்க நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், பெண்களில் புகைப்பவர்கள் 2 சதவீதம்தான். மெல்லும் அல்லது வாயில் வைக்கும் புகையிலை பயன்படுத்தும் பெண்கள் 12.8 சதவீதம். ஆறு மடங்குக்கும் மேல்! ஆனால் "உங்க வீட்டுல யாராவது புகையிலை பழக்கம் உள்ளவங்க இருக்காங்களா" என்று டாக்டர் கேட்டால் நாம் அப்பாவை மட்டும் சொல்வோம். நானும் ஒரு தடவை படிவத்தில் அப்படித்தான் எழுதினேன். அம்மாவின் பெயர் எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மாவுக்கு இந்தப் பழக்கம் வந்த கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். பல்வலி. நான் கைக்குழந்தையாக இருந்தபோது கடைவாய்ப்பல் சொத்தை. டாக்டரிடம் போகப் பணமில்லை, நேரமில்லை. அப்பத்தா "இதக் கொஞ்சம் அதக்கிக்க" என்று கொடுத்திருக்கிறார். வலி மரத்துவிட்டது. பிறகு பல்லைப் பிடுங்கியும் ஆயிற்று. போயிலை மட்டும் நின்றுவிட்டது. பக்கத்து மாவட்டம் திண்டுக்கல். சுருட்டுக்கும் போயிலைக்கும் பேர் போன ஊர். அங்கே வேடசந்தூரில் புகையிலைக்கென்று மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. இந்தப் பக்கம் வத்தலக்குண்டில் வெற்றிலைக் கொடிக்கால். இரண்டுக்கும் நடுவில் இருந்துகொண்டு வெற்றிலைப் பெட்டி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நம் சினிமாவைப் பாருங்கள். 2002இல் 'பாபா' வந்தபோது ரஜினி பீடி பிடிப்பதற்காக பாமக தலைவர் ராமதாஸ் போர்க்கொடி தூக்கினார். ஊரெல்லாம் அதே பேச்சு. 2007இல் 'சிவாஜி'யில் அதே ரஜினி சிகரெட்டுக்குப் பதில் பபிள்கம்மைத் தூக்கிப் போட்டு வாயில் பிடித்தார். அப்போது மத்திய சுகாதார அமைச்சர் ராமதாஸின் மகன் அன்புமணி. அடுத்த ஆண்டு, 2008 அக்டோபர் 2 முதல், பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்ற விதி நாடு முழுக்க வந்தது. ஒரு நடிகரின் உதட்டில் இருந்த சிகரெட்டைப் பற்றி இருபது ஆண்டுக்கு மேல் பேசியாயிற்று. திண்ணையில் இருக்கும் வெற்றிலைப் பெட்டியைப் பற்றி யாராவது பேசினார்களா? ரஜினியையே எடுத்துக்கொள்ளுங்கள். தன்னுடைய சிகரெட், குடி எல்லாவற்றில் இருந்தும் தன்னை அன்பால் மாற்றியவர் மனைவி லதாதான் என்று 2023 ஜனவரியில் ஒரு நாடக விழா மேடையில் அவரே சொன்னார். போர்க்கொடியால் படத்தில்தான் சிகரெட் போயிற்று. ஆளை மாற்றியது வீட்டில் இருந்தவர் என்று ஆகிறது.

சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. 1999இல் கேரள உயர்நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பதற்குத் தடை சொன்னது, 2001இல் உச்சநீதிமன்றம் சொன்னது, 2003இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. மூன்றுமே பஸ், ஆஸ்பத்திரி, ஆபீஸ், பள்ளிக்கூடம் பற்றியவை. என் அப்பா பஸ் ஸ்டாண்டில் பீடி பற்றவைக்க யோசிப்பார். வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்து நிம்மதியாகப் பற்றவைப்பார். மேலே சொன்ன அதே கணக்கெடுப்பில், வீட்டுக்குள் அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிப்பதாகச் சொன்னவர்கள் 38.7 சதவீதம். அதாவது ஐந்து பேரில் இரண்டு பேர். வீட்டுக்குள் போலீஸ் வந்து அபராதம் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் முதலில் என்னைத்தான் பிடிப்பார்கள் (அதற்குப் பிறகு வருகிறேன்).

புகைக்காத மனைவிக்கு என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜப்பானியர், தகேஷி ஹிராயாமா. புகைப்பழக்கம் இல்லாத மனைவிகள் தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1981இல் முடிவை வெளியிட்டார். கணவன் எவ்வளவு அதிகம் புகைத்தானோ, அவ்வளவு அதிகமாக மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வந்திருந்தது. உலகம் முழுக்க பெரிய சர்ச்சை. பின்னால் வந்த ஆய்வுகள் அவர் சொன்னதையே உறுதி செய்தன.

இப்போது கதைக்குத் திரும்புவோம். பங்குனியில் அக்கா முழுகாமல் இருப்பதாகப் போன் வந்தது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே? அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எந்த அறையை ஒதுக்குவது, தொட்டில் எங்கே கட்டுவது என்று அன்று ராத்திரியே பேச்சு. அப்பாவின் அறையில்தான் தொட்டில் கட்ட உறுதியான விட்டம் இருக்கிறது. மூன்று பேரும் அந்த மஞ்சள் மேகத்தை அண்ணாந்து பார்த்தோம்.

"திரும்ப ஒரு கோட்டு அடிச்சுருவோம்" என்றார் அப்பா.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். கல்லூரி கம்ப்யூட்டரில் நான் படித்ததையெல்லாம் கொட்டினேன். புகையில் உள்ள நிகோட்டின் சுவரிலும் துணியிலும் மெத்தையிலும் ஒட்டிக்கொள்ளும். காற்றில் இருக்கும் நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து அங்கேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக மாறும் என்று 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். அடுத்த வருஷமே கலிபோர்னியாவில் இன்னொரு ஆய்வு. புகைப்பவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீடுகளைச் சோதித்தார்கள். இரண்டு மாதம் பூட்டிக் கிடந்து, சுத்தமும் செய்த பிறகும் அந்த வீடுகளில் நிகோட்டின் இருந்தது. புதிதாகக் குடிவந்த, புகைக்காதவர்களின் விரலில்கூட இருந்தது. தரையில் தவழும் குழந்தை எதைத் தொட்டாலும் வாயில்தானே வைக்கும்?

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "ஏன் தம்பி, அது பீடிக்கு. எம் போயிலை யார என்ன செய்யுது?" என்றார். நியாயமான கேள்வி. அம்மாவின் போயிலை அடுத்தவர் மூச்சில் போகாது. அம்மாவின் வாய்க்குள்தான் வேலை செய்யும். வாய்ப்புற்று வந்த ஒரு பெரியம்மா எங்கள் தெருவிலேயே இருந்தார். அவர் கடைசி நாளில் கஞ்சி குடித்த விதத்தை அம்மா என்னைவிட நன்றாகப் பார்த்தவர். அதை நான் ஞாபகப்படுத்தவில்லை. அவரே ஞாபகப்படுத்திக்கொண்டார் என்று முகம் சொன்னது.

அப்பா இதற்கு முன் மூன்று தடவை விட்டிருக்கிறார். ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு தடவை, நெஞ்சு வலி பயத்தில் ஒரு தடவை, விலை ஏறிய கோபத்தில் ஒரு தடவை. மூன்றும் மண்டலம் தாண்டவில்லை. ஒவ்வொரு தடவையும் காரணம் அம்மா! வீட்டுக்கு மளிகை வாங்க அப்பாதான் கடைக்குப் போவார். அம்மாவின் போயிலைப் பொட்டலத்தை வாங்குவதும் அவர்தான். போயிலை கேட்டதும் கடைக்காரர் வழக்கப்படி பீடிக்கட்டையும் சேர்த்து எடுத்து வைப்பார். அம்மாவும் இரண்டு தடவை விட்டிருக்கிறார். அப்பா பற்றவைத்த வாசம் மூக்கில் ஏறியதும் கை சுருக்குப்பைக்குப் போய்விடும். ஒருவர் விடும்போது மற்றவர் விடவில்லை என்பதை இவர் சாக்காகச் சொல்ல, அவர் இவரைச் சாக்காகச் சொல்ல, இப்படியே இருபது வருஷம்.

இதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்காரர்கள் 50 வயது தாண்டிய மூவாயிரத்து எழுநூறு ஜோடிகளைக் கவனித்து 2015இல் எழுதியது. கணவனும் புகைத்து அவனும் விடாமல் இருந்தால், மனைவிகளில் 8 சதவீதம் பேர்தான் விட்டார்கள். கணவன் புகைப்பழக்கமே இல்லாத உத்தமனாக இருந்தால் 17 சதவீதம். அவனும் கூடவே விட்டால்? 50 சதவீதம்! ஆண்களின் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான். உத்தமன் பக்கத்தில் இருப்பதைவிட, கூடச் சேர்ந்து அவஸ்தைப்படுபவன் பக்கத்தில் இருப்பதுதான் மூன்று மடங்கு உதவி. அது இரண்டு பேரும் புகைக்கும் ஜோடிகளின் கணக்கு. பீடியும் போயிலையுமாக இருக்கும் ஜோடிக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இரண்டிலும் மூளையைப் பிடித்து வைத்திருப்பது ஒரே நிகோட்டின்தானே?

இங்கேதான் என் கதை. சித்திரை ஒன்றாம் தேதி இரண்டு பேரும் சேர்ந்து விடுவது என்று நான் நாட்டாமை செய்து தீர்ப்புச் சொன்னேன். அப்பா எழுந்து போய், கொடியில் தொங்கிய என் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தார். என்னிடம் நீட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாம் ஆண்டில் இருந்து நான் ஊதுவது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. தியேட்டரில் முகேஷ் விளம்பரம் வரும்போது கோரஸாகக் கத்தும் கூட்டத்தில் நானும் ஒருவன். குட்கா போட்டு வாய்ப்புற்று வந்து 24 வயதில் இறந்துபோன ஒரு பையன் அவன். எங்கள் ஹாஸ்டலில் யார் இருமினாலும் "முகேஷ்" என்றுதான் கூப்பிடுவோம். நண்பர்களே, இதைத்தான் உங்களையும் இழுப்பேன் என்று சொன்னேன்.

ஆக, சித்திரை ஒன்றுக்கு மூன்று பேர் ஆனோம்.

தேதி தேர்ந்தெடுத்ததில் நான் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். சித்திரை, வைகாசி மாம்பழ சீசன். அப்பா ராத்திரி முழுக்கத் தோப்பில் காவல் இருக்க வேண்டும். காவலுக்குத் துணையே பீடிதான். முதல் மூன்று நாள் தலைவலி, நான்காம் நாள் குழம்பில் உப்பு இல்லை என்று சண்டை (இருந்தது), ஐந்தாம் நாள் அம்மாவுக்கு மலச்சிக்கல், எரிச்சல், தூக்கமின்மை. போயிலையை விட்டால் இப்படியும் ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சிகரெட் பாக்கெட்டில் 2018 செப்டம்பரில் இருந்து 1800-11-2356 என்று ஒரு இலவச எண் அச்சடிக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். நான் முந்நூறு தடவை பார்த்திருப்பேன், ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. விட நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் எண். நிகோட்டின் சூயிங்கம்மும் மருந்துக்கடையில் கிடைக்கிறது. அப்பா அதை இரண்டு நாள் மென்றார். "ரப்பர தின்னுற மாதிரி இருக்கு" என்று விட்டுவிட்டார். அவருக்குக் கைகொடுத்தது சோம்பும் வேப்பங்குச்சியும்.

உண்மையில் கைகொடுத்தது அம்மா. ஆறாம் நாள் ராத்திரி அம்மா பிளாஸ்கில் சுக்குக் காபி எடுத்துக்கொண்டு தோப்புக்கே போய்விட்டார். "இவுக அங்க தனியா இருந்தா பத்த வச்சுருவாக, நான் இங்க தனியா இருந்தா வாயில போட்டுருவேன்." இதுதான் அவர் சொன்ன காரணம். நான் மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது கயிற்றுக் கட்டிலில் ஒருவர், கீழே சாக்கில் ஒருவர். ராத்திரி முழுக்க கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும் வண்டி விளக்குகளை எண்ணினார்களாம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் இவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியது இல்லை என்று அம்மா சொன்னார். அப்பா "என்னத்தப் பேசுனோம், நீதான் பேசுன" என்றார்.

அம்மா விஷயத்தில் ஒரு சிக்கல். போயிலையை விட்டாலும் வெற்றிலை பாக்கு போடலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு படித்தால், பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வெளியிட்ட தொகுதியில் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. புகையிலை சேராத பாக்கும்தான்! தாம்பூலத்தில் வைத்துக் கொடுக்கும் பொருளை இப்படிச் சொன்னால் ஊரில் அடிதான் விழும். அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். இப்போதைக்கு வெறும் வெற்றிலையும் சோம்பும். கொட்டைப்பாக்கு சுருக்குப்பையில் இருக்கிறதா இல்லையா என்று நான் சோதிக்கவில்லை.

வைகாசியில் ஒரு துக்க வீடு. நம் பக்கத்து வழக்கம் தெரியுமே, வந்தவர்களுக்குத் தட்டில் வெற்றிலை, பாக்கு, போயிலை, பீடி. துக்க வீட்டில் வேண்டாம் என்று சொன்னால் மரியாதைக் குறைவு. அப்பா ஆண்கள் பக்கம், அம்மா பெண்கள் பக்கம். திரும்பி நடந்து வரும்போது இரண்டு பேரும் பேசவே இல்லையாம். வாய்க்கால் பாலம் தாண்டியதும் அப்பா, "ஒண்ணு இழுத்துட்டேன்" என்றிருக்கிறார். அம்மா, "நானும் ஒரு கிள்ளு போட்டேன்" என்றிருக்கிறார். அவ்வளவுதான். வழக்கமாக இந்த இடத்தில்தான் பழைய சண்டை ஆரம்பிக்கும். இரண்டு பேரும் ஒரே நாளில் தப்புச் செய்ததால் திட்ட ஆளில்லாமல் போய்விட்டது! மறுநாளில் இருந்து மறுபடி ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார்கள்.

ஆனியில் சீசன் முடிந்ததும் வீட்டு வேலையைத் தொடங்கினோம். இந்த வரிசையைத்தான் நான் வற்புறுத்துகிறேன். ஆளை விட்டுவிட்டுச் சுவருக்கு முதலில் பெயிண்ட் அடிப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். விருந்தாள் வருகிறார் என்றால் ஊதுபத்தி கொளுத்துவோம், சாம்பிராணி போடுவோம், கடையில் விற்கும் ரூம் ஸ்ப்ரே அடிப்போம். நாற்றம் அங்கேயே இருக்கும், மேலே இன்னொரு வாசம் உட்கார்ந்திருக்கும். ஊதுபத்தியும் சாம்பிராணியும் அவையே புகைதான் என்பது வேறு விஷயம். பச்சைக் குழந்தைக்குச் சாம்பிராணி காட்ட வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அம்மா பார்த்த பார்வையில் அந்த விவாதத்தை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

முதலில் துணி. அப்பா அறையில் இருந்த போர்வை, திரை, தலையணை உறை எல்லாம் வெந்நீரில் சலவை சோடா போட்டு ஊறவைத்தோம். வந்த தண்ணீர் டிகாஷன் நிறம்! மெத்தையும் தலையணையும் போடிப் பக்கத்து இலவம் பஞ்சு. உறையைப் பிரித்து, பழைய பஞ்சில் பாதியைத் தூக்கிப் போட்டோம், மீதியைத் தட்டட்டியில்லாத வீடு என்பதால் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் மூன்று நாள் வெயிலில் காயவைத்து அடித்து, புதுப் பஞ்சு கலந்து தைத்தோம். காற்றுக்குப் பஞ்சு பறக்காமல் காவல் நின்றது நான்தான். ஃபேன் இறக்கையைத் துடைத்தபோது கை பிசுபிசுவென்று ஒட்டியது. இத்தனை நாள் அதன் கீழேதான் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறோம்.

பிறகு சுவர். பெயிண்டர் அண்ணன் சொன்னபடி டிஸ்டெம்பரைச் சுரண்டி எடுத்தோம். சோப்புத் தண்ணீரும் சலவை சோடாவுமாக மேலிருந்து கீழே இரண்டு முறை கழுவினோம், நல்ல தண்ணீரில் ஒரு முறை. விட்டத்தையும் கைமரங்களையும் ஈரத்துணியால் துடைத்தோம். நான்கு நாள் காயவிட்டு, பழையபடி கிளிஞ்சல் சுண்ணாம்பு, கொஞ்சம் நீலம் கலந்து மூன்று கோட்டு. அம்மாவின் இளம்பச்சை போய்விட்டது. அவருக்கு அதில் வருத்தம்தான். வாசல் ஓரத்துச் சிவப்புத் தெறிப்பை அம்மா யாரையும் தொடவிடவில்லை. தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு அவரே உட்கார்ந்து தேய்த்தார். கடைசியாக, கொசு வருகிறது என்று பல வருஷமாக ஆணி அடித்து மூடி வைத்திருந்த ஜன்னலைத் திறந்து கொசுவலை அடித்தோம். எனக்குக் கேட்டால் மொத்த வேலையிலும் உருப்படியானது அந்த ஜன்னல்தான்.

செலவு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். பீடிக்கும் போயிலைக்கும் இரண்டு பேருக்குமாகத் தினம் எழுபது ரூபாய் போய்க்கொண்டிருந்தது. மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம். அம்மா அதைத் தகர வெற்றிலைப் பெட்டியிலேயே போட்டு வைத்திருந்தார். சுண்ணாம்பு, பஞ்சு, கொசுவலை, ஆள் கூலி போக மிச்சமும் இருந்தது. (நான் மிச்சம் பிடித்ததைப் பற்றிக் கேட்காதீர்கள். எனக்கு இரண்டு தடவை சறுக்கிவிட்டது. கடைசிச் சறுக்கல் பரீட்சைக்கு முந்தின நாள்.)

அப்பாவுக்கு 51 வயது. இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது என்பதுதான் அவருடைய பழைய வாதம். பிரிட்டனில் ரிச்சர்ட் டால் என்ற மருத்துவர் ஆண் டாக்டர்களையே 50 ஆண்டு தொடர்ந்து கவனித்து 2004இல் முடிவை எழுதினார். சிகரெட்டை 30 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 10 ஆண்டு ஆயுள் மிச்சம், 40இல் 9, 50இல் 6, 60இல் விட்டாலும் 3. அப்பாவிடம் சொன்னேன். "ஆறு வருசத்துல பேரப்புள்ள ஒண்ணாப்பு போயிரும்ல" என்று கணக்குப் போட்டார். டால் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்.

வகுப்பில் சிலர் பீடி என்றால் இலைதானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்பீர்கள். அப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பீடியில் புகையிலை குறைவுதான். ஆனால் இலை காற்றை உள்ளே விடாது, அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். உள்ளே போகும் நிகோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைந்தது அல்ல.

இன்று வரை அப்பா, அம்மா கணக்கில் துக்க வீட்டுக்குப் பிறகு எண்பத்தேழு நாள். கட்டிலுக்கு மேலே சுவர் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறதாம். தினமும் போனில் கேட்கிறேன். அம்மாவுக்கு இப்போது எந்நேரமும் பசிக்கிறது, இடுப்பு பெருத்துவிட்டது என்று புலம்பல். அப்பா சாப்பிட்டு முடித்ததும் கை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையைத் தடவுகிறாராம்.

அக்காவுக்கு வருகிற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. முடிந்ததும் வீட்டுக்கு அழைத்து வருகிறோம். தொட்டில் கயிறு போடுவதற்கு முன்னால் விட்டத்தை இன்னொரு தடவை துடைக்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஏணி பிடிக்க ஆள் வேண்டுமாம். நாளை சாயங்காலம் பஸ் ஏறுகிறேன், போவதற்கு முன் இருக்கிற சட்டையெல்லாம் துவைத்தாக வேண்டும்.